கருவி 'ஓகே'ன்னு சொன்னா போதுமா? டெஸ்டிங்ல தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுசா இன்ஸ்பெக்‌ஷன் வேலைக்கு வர்ற பசங்ககிட்ட நான் முதல்ல சொல்றது ஹப்பிள் டெலஸ்கோப் கதையத்தான். 1990 ஏப்ரல்ல விண்வெளிக்கு போச்சு, ஆனா வந்த படமெல்லாம் மங்கலா இருந்துச்சு. 2.4 மீட்டர் கண்ணாடி, அவ்ளோ நுணுக்கமா தேய்ச்சிருக்காங்க, ஆனா தப்பான வளைவுக்கு. ஓரத்துல 2.2 மைக்ரான் தட்டையாயிடுச்சு, தலைமுடி கனத்துல கிட்டத்தட்ட ஐம்பதுல ஒரு பங்கு. கண்ணாடிய அளக்குற கருவிக்குள்ளயே ஒரு லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் தள்ளி உக்காந்திருந்துச்சு. பொருத்துறப்பவே அளவு இடிச்சிருக்கு, ஏன்னு கேக்காம வாஷர் போட்டு சரிக்கட்டிட்டாங்க.

எனக்கு மனசே ஆறாதது இதுக்கு அப்புறம் நடந்ததுதான். அங்க இன்னும் ரெண்டு கருவி இருந்துச்சு, ரெண்டுமே கோளாறு இருக்குன்னு காட்டுச்சு, ஆனா அதுங்களுக்கு துல்லியம் கம்மி, பெரிய கருவி சொல்றதுதான் சரின்னு ஒதுக்கிட்டாங்க. ரெண்டு அளவு ஒத்துப்போகலன்னா நமக்கு வசதியான அளவ எடுத்துக்காதீங்க. ஏன் ஒத்துப்போகலன்னு தெரியிற வரைக்கும் பொருள் அடுத்த டேபிளுக்கே போகக்கூடாது. ஹப்பிள்ல ஆள் போய் பார்ட் மாத்துற மாதிரி முன்னாடியே டிசைன் பண்ணியிருந்தாங்க, அதனாலதான் 1993 டிசம்பர்ல சரி பண்ண முடிஞ்சுது.

அடுத்தது, 'இது பழைய டிசைன்தானே, முன்னாடியே ஓடினதுதானே'ன்னு டெஸ்ட்ட விட்டுடறது. நாசாவோட ஜெனிசிஸ் விண்கலத்துல வேகம் குறையிறத உணர்ந்து பாராசூட்ட திறக்க வேண்டிய சின்ன சுவிட்ச்ச தலைகீழா வரைஞ்சிருந்தாங்க. சுத்திவிட்டு டெஸ்ட் பண்ணியிருந்தா தெரிஞ்சிருக்கும், அத விட்டுட்டு வரைபடத்த பழைய வரைபடத்தோட ஒப்பிட்டு பாத்ததோட முடிச்சுட்டாங்க. 2004 செப்டம்பர்ல பாராசூட் திறக்காம மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல வேகத்துல யூட்டா பாலைவனத்துல வந்து விழுந்துச்சு.

இதுங்கல்லாம் பொருள் நஷ்டம். தெராக்-25ல போனது உயிர். கேன்சருக்கு கதிர்வீச்சு குடுக்குற மெஷின், 1985லேர்ந்து 1987க்குள்ள 6 பேருக்கு அளவுக்கு மீறி கதிர்வீச்சு போயிடுச்சு. பழைய மாடல்ல தப்பு நடந்தா தடுக்க தனி ஹார்டுவேர் இருந்துச்சு, இதுல சாஃப்ட்வேர் பாத்துக்கும்னு அத எடுத்துட்டாங்க. 1986 மார்ச்ல டெக்சாஸ்ல ஒருத்தருக்கு அடிபட்டப்ப கம்பெனி ஆளுங்க வந்து சோதிச்சு பாத்தாங்க, கோளாறு வரவே இல்ல, மெஷின திரும்ப ஓட்டினாங்க, ஏப்ரல்ல இன்னொருத்தருக்கு அதே கதி. ரெண்டு பேருமே இறந்துட்டாங்க. அப்புறம் அந்த ஆஸ்பத்திரி பிசிசிஸ்ட்டும் மெஷின் ஓட்டுற ஆபரேட்டரும் உக்காந்து திரும்பத் திரும்ப அடிச்சு பாத்துதான் கண்டுபிடிச்சாங்க: அந்த மெஷின் எக்ஸ்ரே, எலக்ட்ரான்னு ரெண்டு விதமா கதிர் குடுக்கும், எக்ஸ்ரேன்னு தப்பா அடிச்சத 8 செகண்டுக்குள்ள எலக்ட்ரான்னு மாத்தினா குழம்பிடுது. தினம் அதே வேலை செய்யிற கைக்குத்தான் அந்த வேகம் வரும். அதனால எந்த டெஸ்ட்லயும் அத தினம் ஓட்டுற ஆள பக்கத்துல வச்சுக்கோங்க, அவங்க எப்படி ஓட்டுறாங்களோ அப்படியே ஓட்டி பாருங்க. 'எங்ககிட்ட வரலயே'ன்னு ஃபைல மூடாதீங்க ப்ளீஸ்.

நம்ம பக்கத்துலயும் இதேதான். ஆம்புலன்ஸ்ல ஆக்சிஜன் சிலிண்டர் முள்ள மட்டும் பாத்துட்டு டிக் போடுவாங்க, வால்வ் மூடியிருந்தாலும் உள்ள மாட்டிக்கிட்ட பிரஷர்ல முள்ளு அப்படியே நிக்கும், பேஷன்ட்டுக்கு மாட்டினா கொஞ்ச செகண்ட் வந்துட்டு நின்னுடும். வால்வ திறந்து, ஃப்ளோ வச்சு, மாஸ்க்ல காத்து வருதான்னு கையால பாக்கணும். இதயத்துக்கு ஷாக் குடுக்குற டிஃபிப்ரிலேட்டர்ல பேட்டரி பச்சையா இருந்தாலும், நெஞ்சுல ஒட்டுற பேட் பாக்கெட்டோட தேதிய பாருங்க, ஜெல் காஞ்சிருந்தா ஒட்டாது.

கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பான்ல முள்ளே கிடையாது, பாத்தா நிறைஞ்சதும் காலியும் ஒரே மாதிரிதான் இருக்கும். வெறும் சிலிண்டர் எடை அதுமேலயே பொறிச்சிருக்கும், தராசுல வச்சு அதவிட எவ்ளோ கூட இருக்குன்னு பாத்துட்டு அப்புறமா கார்டுல கையெழுத்து போடுங்க.