வெள்ளவத்தை மொட்டைமாடியிலிருந்து நெபுலாவின் நடு நட்சத்திரத்தைப் பிடிப்பது எப்படி

காலி வீதி வெளிச்சத்தில் நெபுலாவா என்று கேட்பார்கள். கோள் நெபுலா என்றால், அதாவது முதுமையடைந்த நட்சத்திரம் உதறிய வாயுக்கூடு என்றால், தாராளமாகப் பார்க்கலாம். பால்வீதியே தெரியாத இந்த வானத்தில் அந்திரோமெடா தேடுவது வீண் வேலை. கோள் நெபுலாக்கள் அப்படியல்ல, அவை சின்னவை, ஒளி செறிந்தவை. உருப்பெருக்கத்தை 200 மடங்குக்குக் கூட்டினால் வானத்தின் சாம்பல் நிறம் மங்கும், நெபுலா கண்ணுக்குப் பிடிபடும் அளவுக்குப் பெரிதாகும்.

என்னிடம் இருப்பது எட்டு அங்குல டொப்சோனியன் தொலைநோக்கி, குவியத்தூரம் 1200 மில்லிமீற்றர். 25 மி.மீ. பார்வைத்துண்டு தேடுவதற்கு, 6 மி.மீ. பார்ப்பதற்கு. இதோடு, ஒட்சிசனின் பச்சை ஒளியை மட்டும் விடும் ஒரு ஓ-3 ஃபில்டர் இருந்தால் போதும். ஏசி போட்ட அறையிலிருந்து நேரே வெளியே கொண்டுவந்தால் ஆடி வியர்த்துவிடும், ஒரு மணித்தியாலம் முன்னதாகவே மாடியில் வையுங்கள். கடல் காற்றில் உப்பு இருக்கிறது. வேலை முடிந்த உடனே மூடிவிடுங்கள், ஆடியைத் துணியால் துடைக்கவே வேண்டாம்.

காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. அதற்குப் பிறகு மேகம் கூடும், மே மாதமளவில் தென்மேற்குப் பருவக்காற்று வந்துவிடும். போயா விடுமுறையாயிற்றே என்று அன்றைக்குத் திட்டம் போடாதீர்கள், அது முழுநிலா நாள். அமாவாசையை ஒட்டிய இரவுகள்தான் சரி. இன்னொன்று: ஒரு பொருள் உச்சிக்கு வந்து மேற்கே கொஞ்சம் சாயும்வரை பொறுங்கள். எங்களுக்கு மேற்கு என்றால் கடல். மரைன் டிரைவ் விளக்குகளைத் தாண்டிவிட்டால் அந்தப் பக்கம்தான் இருட்டு.

நெபுலாக்களில் முதலில் என்.ஜி.சி. 2392 (என்.ஜி.சி. என்பது வான்பொருள் பட்டியல் ஒன்று). புனர்பூசத்தின் இரண்டு நட்சத்திரங்களான கஸ்டர், பொலக்ஸ் தெரியும்தானே? பொலக்ஸிலிருந்து தென்மேற்கே எட்டுப் பாகை போனால் டெல்டா ஜெமினோரம் என்ற நட்சத்திரம். அங்கிருந்து தென்கிழக்குச் சாய்வாக இரண்டரைப் பாகை. 25 மி.மீ.யில் பார்க்கும்போது அருகருகே இரண்டு நட்சத்திரங்கள் தெரியும், அதில் ஒன்று ஊதினாற்போல் இருக்கும். அதுதான் நெபுலா.

இப்போது 6 மி.மீ. போடுங்கள். நேரே உற்றுப் பாருங்கள்: நடுவில் கூரான ஒரு புள்ளி, 10.5ஆம் பருமன் நட்சத்திரம் (பருமன் எண் கூடக் கூட மங்கல்). கண்ணைச் சற்று ஓரமாகத் திருப்பினால் புள்ளியைச் சுற்றி மங்கலான வட்டு விரியும். மறுபடி நேரே பார்த்தால் வட்டு சுருங்கிப் புள்ளி முன்னே வரும். இதைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள், அவசரம் வேண்டாம்.

அப்புறம் ஃபில்டரைக் கையில் பிடித்துப் பார்வைத்துண்டுக்கும் கண்ணுக்கும் இடையில் கொண்டுவாருங்கள். நட்சத்திரங்கள் எல்லாம் மங்கும், நெபுலா மட்டும் நிற்கும். அதன் ஒளி பெரும்பாலும் 500.7, 495.9 நானோமீற்றர் என்ற இரண்டு பச்சைக் கோடுகளில் இருப்பதே காரணம். 1864இல் வில்லியம் ஹக்கின்ஸ் என்.ஜி.சி. 6543இன் நிறமாலையில் இந்தப் பச்சை ஒளியைக் கண்டார். அது பூமியில் இல்லாத ஏதோ மூலகம் என்று பல காலம் நினைத்தார்கள். இரண்டு இலத்திரன்களை இழந்த ஒட்சிசன்தான் அது என்று 1927இல் ஐரா போவன் காட்டினார். ஆக, நெபுலாவுக்கு ஃபில்டரைப் போடுங்கள், நட்சத்திரத்துக்குக் கழற்றுங்கள்.

அந்த ஒட்சிசனின் இலத்திரன்களைக் கழற்றுவது நடு நட்சத்திரத்தின் கழியூதாக் கதிர். சூரியனைப் போன்ற ஒன்று செம்பெருமீனாகி வெளிப்படையை உதறிய பிறகு மிஞ்சிய கருதான் அது. அதைச் சுற்றி மெல்லிய ஐதரசன் ஓடு இன்னும் எரிந்துகொண்டிருக்கும். அதனால் மொத்த ஒளிர்வு ஏறத்தாழ மாறாமல் இருக்க, உடல் சுருங்கிச் சூடேறும். என்.ஜி.சி. 2392இன் நட்சத்திரம் 40,000 கெல்வினுக்குச் சற்று மேல். அதற்கு 1.9 நாளில் ஒரு சுற்று வரும் துணையும் உண்டு என்று 2019இல் தெரியவந்தது. நெபுலாவில் காணும் கடும் அயனாக்கத்தை, அதாவது அணுக்கள் இலத்திரன்களை இழந்து நிற்பதை, இந்த நட்சத்திரத்தின் வெப்பத்தால் மட்டும் விளக்க முடியாமல் இருந்த சிக்கலுக்கு அது பெரிய துப்பு.

அடுத்து, நள்ளிரவு கழிய என்.ஜி.சி. 3242. மியூ ஹைட்ரே என்ற நட்சத்திரத்துக்குத் தெற்கே இரண்டு பாகைக்குச் சற்றுக் குறைவு. லண்டனில் இது அடிவானத்திலிருந்து இருபது பாகைகூட எழாது. எங்களுக்கோ அறுபதுக்கு மேல் ஏறும். நீலப்பச்சை வட்டு தெளிவாகவே தெரியும். நடு நட்சத்திரம் 12ஆம் பருமன், கஷ்டம். காற்று அசையாத இரவில் 200 மடங்கில் வட்டின் நடுவையே பார்த்துக்கொண்டிருங்கள், வந்து வந்து போகும்.

இந்த நடு நட்சத்திரத்தின் வெப்பநிலை ஏறத்தாழ 80,000 கெல்வின், ஆனாலும் 2392இன் நட்சத்திரத்தைவிட மங்கல். மாடிக்கு வந்த உயர்தர மாணவி ஒருத்தி, “டீச்சர், சூடு கூடினால் வெளிச்சமும் கூடத்தானே வேணும்?” என்று கேட்டாள். நல்ல கேள்வி. சூடு கூடக் கூட உச்ச ஒளியின் அலைநீளம் குறையும் என்ற வீனின் விதியை எடுத்துக் கணக்குப் போடச் சொன்னேன். ஒரு இலட்சம் கெல்வினில் உச்ச அலைநீளம் 29 நானோமீற்றர். கண்ணுக்குத் தெரிவதோ 400இலிருந்து 700 வரைதான். மொத்த ஒளிர்வு மாறாமலிருந்தும் அதில் மிகப் பெரும்பகுதி கழியூதாவுக்குப் போய்விடுகிறது, கண்ணுக்கு நட்சத்திரம் மங்குகிறது. ஒளிர்வு ஆரையின் வர்க்கத்தோடும் வெப்பநிலையின் நாலாம் அடுக்கோடும் கூடும் என்ற ஸ்டீபனின் விதியையும் சேருங்கள்: ஒளிர்வு மாறாமல் வெப்பநிலை இரட்டித்தால் ஆரை நாலில் ஒன்றாகும். பரீட்சைக்காகப் பாடமாக்கும் இரண்டு விதிகளும் இப்படி வானத்தில் வேலை செய்வதைப் பார்க்க எனக்கு இன்றும் அலுப்பதில்லை.

மார்ச்சில் விடிய ஐந்து மணிக்கு எழும்ப முடிந்தால் வடகிழக்கே லைரா விண்மீன் குழுவில் எம்57 என்ற கோள் நெபுலாவைப் பாருங்கள், வளையம் அழகாக இருக்கும். நட்சத்திரத்தைத் தேட வேண்டாம். அங்கே ஓடு எரிந்து முடிந்து உண்மையான ஒளிர்வும் விழுந்துவிட்டது. ஒரு இலட்சம் கெல்வினைத் தாண்டிய சூடு, ஆனால் பருமன் 15க்கு மேல், எட்டு அங்குலத்துக்கு எட்டாது.

கடைசிக் கட்டம் வெண்குறுமீன்: எரிபொருள் தீர்ந்து ஆறிக்கொண்டிருக்கும் அந்தக் கரு. சிரியஸின் துணையான சிரியஸ் பி புகழ்பெற்றது, ஆனால் சிரியஸின் கண்கூச்சத்தில் அதைப் பிரிப்பது பெரும்பாடு. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் காட்டுவது 40 எரிடனி பி. ஃபெப்ரவரியில் இரவு எட்டு மணிக்கு ரைஜலிலிருந்து நேர் மேற்கே, நீட்டிய கையின் ஒன்றரை முட்டி அகலம் தள்ளி, 4.4ஆம் பருமனில் ஒரு நட்சத்திரம் இருக்கும். அதிலிருந்து 83 விகலை (ஒரு பாகையில் 3600 விகலை) தள்ளி 9.5ஆம் பருமனில் தெரிவதுதான் பி. எங்களிலிருந்து 16 ஒளியாண்டு, திணிவு சூரியனின் பாதியைவிடச் சற்றுக் கூட. சுற்றி நெபுலா எதுவும் மிஞ்சவில்லை. விநாடிக்கு இருபது, முப்பது கிலோமீற்றர் வேகத்தில் விரியும் வாயு சில பத்தாயிரம் ஆண்டுகளில் கரைந்துவிடும். மேற்கே சாயும் பொருள் என்பதால் இரவை இதிலிருந்தே தொடங்குங்கள், பத்து மணிக்கு 2392க்குப் போகலாம்.