பெரியவர்களுக்குப் பரிசோதனைத் தையல்: முதல் வகுப்பை இப்படி நடத்துங்கள்

"விருப்பப்படி எதை வேண்டுமானாலும் தையுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். குழந்தைகள் உடனே ஊசியை எடுப்பார்கள். பெரியவர்கள் பக்கத்து மேசையை எட்டிப் பார்ப்பார்கள். பரிசோதனை என்றாலே முழுச் சுதந்திரம்தான் என்ற நினைப்பில் நானும் பல வகுப்புகள் நடத்தியிருக்கிறேன். விதிகளைக் கூட்டிய பிறகுதான் கைகள் ஓடத் தொடங்கின. இப்போது நான் பின்பற்றும் வரிசையைக் கீழே தருகிறேன். ஓட்டுத் தையல், பின்தையல், முடிச்சு ஆகியவை உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

1. மேசையில் வைப்பவையும் ஒளித்து வைப்பவையும்

கஞ்சி போகத் துவைத்த காடாத் துணி, பழந்துணித் துண்டுகள், ஆறிழை எம்பிராய்டரி நூல், மரவளையம் ஆகியவை போதும். வளையத்தின் உள்வட்டத்தில் பருத்தி நாடாவைச் சுற்றிவிட்டால் துணி நழுவாது.

ஊசியில் எனக்குப் பிடிவாதம் உண்டு. 22 எண் செனில் ஊசியைத்தான் கொடுப்பேன். அதன் காது பெரியது, முனை கூர்மையானது. நாற்பதைத் தாண்டியவர்களில் பலருக்கு வெள்ளெழுத்து இருக்கும். வகுப்பின் முதல் பத்து நிமிடங்களை நூல் கோர்ப்பதிலேயே தோற்றவர் அன்று முழுவதும் தோற்றவராகவே உட்கார்ந்திருப்பார். நூல் 45 செ.மீ. நீளம் போதும். அதற்கு மேல் போனால் முறுக்கிச் சிக்கும்.

பென்சில், அச்சுத்தாள், தையல் பிரிக்கும் கருவி மூன்றையும் அலமாரியில் பூட்டிவிடுங்கள். பிரிக்க வழியிருந்தால் பெரியவர்கள் பிரித்துக்கொண்டேதான் இருப்பார்கள்.

2. ஒரே தையல், ஒரே நிறம்

வெள்ளைத் துணியில் வெள்ளை நூல், ஓட்டுத் தையல் மட்டும். துணியை நான்காக மடித்துத் தேய்த்தால் நான்கு கட்டங்கள் கிடைக்கும். முதல் கட்டத்தில் தையலின் நீளத்தை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டாவதில் நெருக்கத்தை மாற்ற வேண்டும். மூன்றாவதில் ஓரிழையில் தொடங்கி ஆறிழை வரை போக வேண்டும். நான்காவதில் நூலை இழுத்துத் துணியைச் சுருக்க வேண்டும். நிறம் இல்லாததால் நிழல் கண்ணில் படத் தொடங்கும். "இந்த ஒரு தையலை வைத்துக்கொண்டு என்ன செய்துவிட முடியும்?" என்று யாராவது கேட்டால், வங்காளத்தின் காந்தாவையும் ஜப்பானின் சஷிகோவையும் படத்தில் காட்டுங்கள். இரண்டுக்கும் அடிப்படை இதே ஓட்டுத் தையல்தான்.

"இது சரியா?" என்ற கேள்வி கட்டாயம் வரும். சரி என்றும் தவறு என்றும் சொல்லாதீர்கள். "இதையே பக்கத்தில் இரண்டு மடங்கு மிகைப்படுத்துங்கள்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

3. அடுக்கி வெட்டுதல்

மூன்று துணிகளை அடுக்கி, மேலே தையலோட்டி, மேலடுக்கை மட்டும் ஆங்காங்கே வெட்டித் திறக்க வேண்டும். நேராக வெட்டினால் நூல் பிரியும், மூலைவாட்டத்தில் வெட்டினால் அவ்வளவாகப் பிரியாது. இதை அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

4. கரையும் தாளில் தைத்தல்

பாதி வகுப்பு கலங்கிப்போவது இங்கேதான். பாலிவினைல் ஆல்கஹாலால் ஆன இந்தத் தாளில் தைத்துவிட்டு நீரில் இட்டால், தாள் கரைந்து தையல் மட்டும் மிஞ்சும். கண்ணாடிபோல் மெல்லிய படலம், துணிபோன்றது என இது இரண்டு வகைகளில் வருகிறது. கைத்தையலுக்குத் துணிபோன்றதையே வாங்குங்கள். படலம் ஊசி குத்திய இடத்திலிருந்தே கிழிந்துகொண்டு போகும். கை ஈரமாக இருக்கக் கூடாது.

சிக்கல் என்னவென்றால், துணியில் தைக்கும்போது கோடுகளைத் தாங்குவது துணி. இங்கே தாங்கும் தாளே கரைந்து போகிறது. ஒன்றையொன்று தொடாத கோடுகள், எவ்வளவு அழகாக இருந்தாலும், கிண்ணத்தில் வெறும் நூலாகத்தான் மிதக்கும். வாயால் எத்தனை முறை சொன்னாலும் இது புரிவதில்லை. ஆளுக்கு இரண்டு சிறு துண்டுகள் கொடுங்கள். ஒன்றில் இணைகோடுகள் மட்டும், மற்றொன்றில் முதலில் கட்டம் கட்டமாக வலை, அதன்மேல் விருப்பமான தையல். இரண்டையும் ஒரே கிண்ணத்தில் போடச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு விளக்கமே தேவைப்படாது.

வலையில் கோடுகள் சந்திக்கும் ஒவ்வோர் இடத்திலும் ஊசி பழைய நூலைத் துளைத்துக்கொண்டோ சுற்றிக்கொண்டோ போக வேண்டும். கூர்முனை ஊசிக்காக நான் அடம்பிடித்ததற்கு இன்னொரு காரணம் இதுதான். ஓரத்தைச் சுற்றிப் பின்தையல் போட்டு, அதை வலையோடு பிணையுங்கள்.

நீரில் இடும் முன் ஒரு சோதனை: ஏதாவது ஒரு நூலில் விரலை வைத்து, விரலை எடுக்காமல் நூல்வழியே ஓரம்வரை வர முடிகிறதா என்று பாருங்கள். வழி இல்லாத நூல் நிற்காது.

மிகுதித் தாளை முதலில் வெட்டி எடுத்துவிட்டால் பிசுபிசுப்பு குறையும். சில வகைகள் குளிர்ந்த நீரிலேயே கரையும், சிலவற்றுக்கு வெந்நீர் வேண்டும். ஒரு துணுக்கை முன்பே போட்டுப் பார்த்துவிடுங்கள். நன்றாக அலசினால் தையல் துவளும். அரைகுறையாக அலசினால் காய்ந்ததும் விறைக்கும். விறைப்பு வேண்டுமென்றால் ஈரத்திலேயே கிண்ணத்தின் மேல் கவிழ்த்துக் காய வையுங்கள்.

5. சேர்ந்து பார்த்தல்

எல்லாவற்றையும் பெயர் போடாமல் சுவரில் மாட்டுங்கள். "அழகு" என்ற சொல்லுக்கு மட்டும் தடை. "எந்த இடத்தைத் தொட்டுப் பார்க்கத் தோன்றுகிறது?" என்று கேட்டால் போதும், பேச்சு தானாக வரும்.

பின்னர் சேர்த்தவை

கருஞ்சிவப்பு நூலின் சாயம் கிண்ணம் முழுவதும் பரவியதாக ஒருவர் எழுதியிருந்தார். நூலை ஈரமான வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். கறை பட்டால் அந்த நூலை நீர் வேலைக்கு எடுக்காதீர்கள்.

வெட்டிய தாள்துண்டுகளை எறிய வேண்டுமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். வேண்டாம். சில சொட்டு நீரில் குழைத்தால், தைக்கும்போது கிழிந்த தாளை ஒட்டும் பசை தயார்.

விரல் மூட்டுவலி உள்ளவர்களுக்குத் தளர்வாக நெய்த துணியும் தாங்கியில் பொருத்திய வளையமும் கொடுங்கள்.

இடக்கைக்காரர்களுக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. நீங்கள் வலக்கைக்காரர் என்றால், அவரைப் பக்கத்தில் உட்கார வைக்காமல் எதிரே உட்கார வையுங்கள். உங்கள் கையசைவை அப்படியே பார்த்துச் செய்தாலே திசை அவருக்குச் சரியாக வந்துவிடும்.