கோதையாற்றில் தூண்டில் போடும் முறை
கன்னியாகுமரி மாவட்டத்துக் கோதையாற்றில் தூண்டில் போடுவோர் டிரவுட் மீனைத் தேட வேண்டாம். அது நீலகிரியைப் போன்ற இடங்களின் குளிர்ந்த மலைநீருக்கே உரியது என்பதால், இங்கே கெண்டை, கெளுத்தி, விரால் ஆகியவற்றை நாடுவதே பொருத்தம். பேச்சிப்பாறை அணைக்கு மேலுள்ள காடு வன உயிரினச் சரணாலயம். ஆகவே வனத்துறை அனுமதியின்றி அங்கே செல்லாமல், திற்பரப்பு அருவிக்குக் கீழே, பறளியாறு வந்து கலக்கும் மூவாற்றுமுகம் வரையுள்ள கரைகளைத் தேர்ந்தெடுக்கலாம். பாறைக்குப் பின்னே நீர் தணிந்து சுழலும் இடமாகப் பார்த்து, உங்கள் நிழல் நீரில் விழாதபடி நின்று, மண்புழு கோத்த தூண்டிலை ஓட்டத்தின் மேற்புறத்தில் போட்டு, தக்கை தானாக மிதந்து வரும்படி விடுங்கள். விராலுக்கு இது உதவாது. அது ஓட்டமற்ற புல்லோரத்தில் சிறுமீனையோ தவளையையோதான் கவ்வும். தெளிந்த நீர் திடீரெனக் கலங்கிச் சருகுகள் மிதந்து வந்தால், மலையில் பெருமழை பெய்திருக்கலாம் அல்லது அணை திறந்திருக்கலாம். தூண்டில் போனாலும் போகட்டுமென்று உடனே கரையேறிவிடுங்கள்.