காஸ்ட் அயர்ன் புல்லட்: வாங்க, ஓட்ட, வைத்துக் காப்பாற்ற

பழைய ராயல் என்ஃபீல்டு புல்லட் பைக் வாங்கலாமா என்று கேட்டு வருகிற தம்பிகளிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: மாசத்துக்கு ரெண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டிப் பக்கத்தில் உட்கார நேரம் இருக்கா? இருந்தால் தாராளமாக வாங்குங்கள். இல்லையென்றால் புது மாடல் எடுத்துக்கொள்ளுங்கள், அதிலும் குறை ஒன்றுமில்லை. காஸ்ட் அயர்ன் புல்லட், அதாவது வார்ப்பிரும்பு சிலிண்டர் வைத்த பழைய புல்லட், ஒரு தலைமுறை தாண்டி ஓடுவதற்கு இரும்பின் கனம் மட்டும் காரணமில்லை. தேய்கிற ஒவ்வொன்றையும் கையாலேயே திருத்திக்கொள்ள வழி வைத்துக் கட்டிய வண்டி அது. அந்த வழி தெரிந்தவரிடம் இருக்கும்வரை அது ஓடும்.

நான் சொல்வது 350 சிசி, நாலு கியர், வலது காலில் கியரும் இடது காலில் பிரேக்கும் உள்ள வண்டி. 1955இல் மெட்ராஸில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கி, திருவொற்றியூரில் இருந்து வந்தது. இங்கிலாந்தில் ரெட்டிச்சில் இருந்த மூல நிறுவனம் மூடிப்போன பிறகும் இங்கே அதே இன்ஜின் பெரிய மாற்றமில்லாமல் 2000க்குப் பிறகும் வந்துகொண்டிருந்தது. அதனால்தான் இன்றைக்கும் சென்னையில் ஜி.பி. ரோட்டிலோ புதுப்பேட்டையிலோ போய்க் கேட்டால் சாமான் கிடைக்கிறது. இன்ஜின் உள்ளே பார்த்தால் போர் (சிலிண்டர் துளையின் அகலம்) 70 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 90 மி.மீ., கம்ப்ரஷன் (உள்ளே வந்த கலவை அமுங்கும் விகிதம்) வெறும் 6.5:1, பவர் 18 குதிரைதான். நீண்ட ஸ்ட்ரோக், குறைந்த சுற்று, குறைந்த அழுத்தம். உள்ளே எதற்கும் அவசரமில்லை, அதனால் எதுவும் சீக்கிரம் தேய்வதில்லை.

வாங்கும்போது

பார்க்கப் போவதற்கு முன்னால் போன் செய்து, "நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்கண்ணே" என்று சொல்லிவிடுங்கள். போனதும் முதலில் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஒரு டீ குடித்துவிட்டு, ஆறிய பிறகு பாருங்கள். ஆறின இன்ஜின்தான் உண்மை பேசும்.

ஸ்டார்ட் ஆனதும் கொஞ்சம் நீலப் புகை வந்து நின்றுவிட்டால் பயப்பட வேண்டாம். ரொம்ப நாள் நின்ற வண்டியில் ஆயில் டேங்கிலிருந்து கிராங்கேஸுக்குள் கசிந்து இறங்கியிருக்கும், அது எரிந்து தீர்கிறது. சூடான பிறகும் ஆக்ஸிலேட்டர் திருக்கும்போதெல்லாம் நீலம் வந்தால் ரிங், போர் வேலை காத்திருக்கிறது. சத்தத்தையும் பிரித்துக் கேட்கப் பழகுங்கள். மேலே லேசான டிக் டிக் என்றால் டேப்பெட் (வால்வைத் திறக்கிற தண்டின் ஆட்டத்தைத் திருத்தும் இடம்), அது அரை மணி நேர வேலை. ஆறின நிலையில் மட்டும் கேட்டுச் சூடானதும் மறைவது பிஸ்டன், இன்னும் கொஞ்ச நாள் ஓடும். மேட்டில் ஏறும்போது அடியிலிருந்து கனமாக டொக் டொக் என்று வந்தால் பிக் எண்ட் பேரிங், பிஸ்டன் தண்டு கிராங்கோடு சேரும் அடி பேரிங். அதற்கு இன்ஜினை முழுதாகப் பிரிக்கணும், விலையில் அந்தத் தொகையைக் கழித்துப் பேசுங்கள்.

பெயிண்ட், குரோம், சீட் எதற்கும் மயங்காதீர்கள், அதெல்லாம் பணம் கொடுத்தால் வரும். ஆர்.சி. புக்கில் உள்ள இன்ஜின் நம்பரும் சேசிஸ் நம்பரும் வண்டியில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று டார்ச் அடித்து, ஒவ்வொரு எழுத்தாகப் படியுங்கள். பதினைந்து வருஷம் தாண்டிய வண்டிக்கு ஆர்.சி.யை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும். பசுமை வரி கட்டி, ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு வண்டியைக் கொண்டுபோய்க் காட்டணும். அப்போது நம்பர் தெளிவாக இல்லையென்றால் அலைச்சல் உங்களுக்குத்தான். நம்பர் பஞ்ச் பண்ணின இடத்தை உரசிய தடம் தெரிந்தால் பேரம் பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள்.

கிக் அடிப்பது

புல்லட் கிக்கரில் காலை உடைத்துக்கொண்ட கதை ஊருக்கு ஊர் இருக்கும். முறை தெரிந்தால் அறுபது கிலோ உடம்புக்காரரும் நிதானமாக அடிக்கலாம். ஹெட்லைட் மேலே, பேட்டரிக்கு மின்சாரம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும் அம்பியர் மீட்டர் இருக்கிறதே, பலரும் அதை அலங்காரம் என்று நினைக்கிறார்கள். கிக் அடிக்க வழி காட்டுவது அந்த முள்தான்.

பெட்ரோல் டேப்பைத் திறந்து, ஆறின இன்ஜின் என்றால் சோக் போட்டு, சாவியைத் திருப்புங்கள். கிக்கரைக் காலால் மெதுவாக அமுக்குங்கள், உதைக்க வேண்டாம். பாயிண்ட், அதாவது திறந்து மூடிப் பிளக்கில் பொறி வரவைக்கும் சின்ன ஸ்விட்ச், மூடியிருக்கும்போது முள் மைனஸ் பக்கம் சாயும். தொடர்ந்து அமுக்கினால் ஒரு இடத்தில் கால் இறங்காது, அதுதான் கம்ப்ரஷன். இப்போது இடது ஹேண்டில்பாரில் உள்ள சின்ன டீகம்ப்ரஷன் லீவரை (சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடுவது) பிடித்தபடி இன்னும் கொஞ்சம் அமுக்குங்கள். முள் துள்ளி நடுவுக்கு வரும். பாயிண்ட் திறந்துவிட்டது, பிஸ்டன் உச்சியைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். உச்சியைத் தாண்ட ஒரு நூல் அளவு மட்டும் அமுக்கி லீவரை விடுங்கள். கிக்கரை மேலே வரவிட்டு, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல், ஒரே மூச்சில் கீழ்வரை அடியுங்கள். பாதியில் காலை நிறுத்தக் கூடாது. முறையாக அடித்தும் கிக்கர் திருப்பி உதைக்கிறது என்றால் டைமிங், அதாவது பொறி விழும் நேரம், முன்னால் போயிருக்கிறது. அதைச் சரிபண்ணாமல் இன்னொரு கிக் அடிக்காதீர்கள்.

பாயிண்ட்டும் டேப்பெட்டும்

இந்த இரண்டையும் கற்றுக்கொண்டால் முக்கால்வாசி புல்லட் கையில் வந்துவிடும்.

சிலிண்டருக்குப் பின்னால் வலப்பக்கம் நிற்கிற டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றினால் பாயிண்ட் தெரியும். கிக்கரை மெல்ல நகர்த்திப் பாயிண்ட் முழுதாகத் திறக்கும் இடத்துக்கு வாருங்கள். இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. இருக்கணும். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) தகடு உள்ளே போகும்போது மெல்லிய பிடிப்பு விரலில் தெரியணும், ஸ்பிரிங்கைத் தள்ளக் கூடாது. பாயிண்ட் முகத்தில் ஒரு பக்கம் மேடும் மறுபக்கம் குழியுமாக இருந்தால் நைஸ் எமரி தாளால் தேய்த்துச் சமன் செய்யலாம். தேய்த்த பிறகு பெட்ரோலில் நனைத்த துணியால் துடைக்காமல் மூடாதீர்கள். ஒட்டிய தூள் ஒன்றே வண்டியை நிறுத்தப் போதும். பாயிண்ட்டில் பொறி அதிகமாகப் பறந்து அடிக்கடி கருகினால் பாயிண்ட்டில் பொறியை அடக்கும் கண்டென்சரைச் சந்தேகப்படுங்கள். டைமிங், பிஸ்டன் உச்சிக்கு 0.8 மி.மீ. முன்னால் பாயிண்ட் திறக்கிற மாதிரி. அந்த நொடியைக் காட்டவும் அதே அம்பியர் மீட்டர் முள் இருக்கிறது.

டேப்பெட்டை இன்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போதுதான் பார்க்கணும், காலை நேரம் சரி. வலப்பக்கம் சிலிண்டர் அடியில் ஒற்றை நட்டில் நிற்கிற சின்ன மூடியைக் கழற்றுங்கள். பிஸ்டன் கம்ப்ரஷன் உச்சியில் இருக்கணும். உள்ளே தெரிகிற புஷ்ராடு (வால்வைத் தள்ளும் தண்டு) இரண்டையும் விரலால் சுழற்றிப் பாருங்கள். தடையில்லாமல் சுழலணும், ஆனால் மேலும் கீழும் ஆட்டினால் ஆட்டம் துளியும் இருக்கக் கூடாது. இடைவெளி என்று தனியாக எண் கிடையாது, விரல்தான் அளவு. லாக் நட்டை இறுக்கும்போது செட்டிங் மாறும், அதனால் இறுக்கின பிறகு மறுபடி சுழற்றிப் பாருங்கள். எங்கள் ஊர் மெக்கானிக் பாய், நட்டை இறுக்கிவிட்டுப் பையன் கையை இழுத்துப் புஷ்ராடில் வைத்து, "இப்ப சொல்லு, சுத்துதா?" என்று கேட்பார். பையன் வாயால் பதில் வரும்வரை மூடியை எடுக்க மாட்டார். டேப்பெட்டை ரொம்ப இறுக்கமாக வைத்தால் சத்தம் குறைந்து கேட்க இனிமையாக இருக்கும், ஆனால் வால்வு சீட்டில் உட்காராமல் எரிந்துபோகும். கொஞ்சம் சத்தம் நல்லது.

ஆயில், பெட்ரோல்

இன்ஜின், கிளட்ச் பக்கத்துச் செயின் கேஸ், கியர் பாக்ஸ் மூன்றுக்கும் தனித்தனி ஆயில். ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதை மறக்கக் கூடாது. இன்ஜினுக்கு 20டபிள்யூ50. நம் வெயிலுக்கு நான் 2,000 கி.மீ.க்கே மாற்றிவிடுகிறேன். நாள்பட நின்ற வண்டியில் அளவுக்கோலை நம்பி ஊற்றாதீர்கள். ஆயில் கீழே இறங்கியிருக்கும், கோல் குறைவாகக் காட்டும். நாலைந்து நிமிடம் ஓடவிட்டு, அப்புறம் பாருங்கள்.

இப்போது பங்கில் வருவது எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் டியூபையும் கார்புரேட்டர் வாஷரையும் அது இளக்கிவிடும், டேங்கில் ஈரத்தையும் இழுக்கும். டியூபை வருஷம் ஒருமுறை மாற்றுங்கள். பத்து நாளுக்கு மேல் எடுக்க மாட்டோம் என்றால் டேப்பை மூடி, கார்புரேட்டர் கிண்ணம் காலியாகி இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிடுங்கள். பிளக்கைக் கழற்றினால் முனை காபிப் பொடி நிறத்தில் இருக்கணும். கரி படிந்தால் பெட்ரோல் அதிகம். வெள்ளையாக வெளுத்திருந்தால் குறைவு, உடனே பார்க்கணும்.

ஓட்டம்

ஃபர்ஸ்ட் மேலே, மற்ற மூன்றும் கீழே. புது வண்டி ஓட்டிப் பழகிய காலுக்கு ஆபத்து பிரேக்கில்தான்: அவசரத்தில் வலது கால் கியரை மிதிக்கும். முதல் ஒரு வாரம் காலி ரோட்டிலேயே ஓட்டுங்கள். சிக்னலில் நிற்கும்போது குதிகாலால் நியூட்ரல் ஃபைண்டரை அமுக்கினால் செகண்ட், தேர்ட், டாப் எதிலிருந்தும் நேராக நியூட்ரல் விழும். ஃபர்ஸ்டிலிருந்து விழாது.

அறுபதுக்குப் பக்கத்தில் ஒரு வேகம் இருக்கிறது, இன்ஜின் அங்கே போய்த் தானாக நிற்கும். நாள் முழுக்க அதில் ஓடலாம். தொண்ணூறுக்கு விரட்டலாம்தான், ஆனால் டிரம் பிரேக் அந்த வேகத்துக்கு ஏற்றதில்லை. முன்னால் போகும் பஸ்ஸோடு வழக்கத்தைவிட இரண்டு மடங்கு தூரம் விடுங்கள். அதிர்வில் நட்டு தளரும். தூரப் பயணத்தில் டீக்கு நிறுத்தும்போது சைலன்சர் கிளாம்ப், இன்ஜின் மவுண்டிங், நம்பர் பிளேட் மூன்றையும் கையால் ஒரு ஆட்டு ஆட்டிப் பாருங்கள்.

டூல் பாக்ஸில் பிளக், பாயிண்ட் செட், கண்டென்சர், செயின் லாக், ஃபீலர் கேஜ், எமரித் துண்டு போதும். கிளட்ச் கேபிளுக்குத் தனியாக ஒரு ஏற்பாடு செய்யுங்கள். புதுக் கேபிளை கிரீஸ் போட்டு, பழையதோடு சேர்த்தே ஹேண்டில்பாரிலிருந்து கியர் பாக்ஸ் வரை ஓட்டி, டேப் சுற்றிக் கட்டிவிடுங்கள். முனை இரண்டையும் பாலிதீன் பையில் சுற்றி வையுங்கள், மழைத்தண்ணீர் இறங்காது. வழியில் பழையது அறுந்தால் டேங்கைக் கழற்ற வேண்டியதில்லை. அந்த இரண்டு முனையை மட்டும் மாட்டிவிட்டுக் கிளம்பலாம்.