பிரியஸ் காரின் கியர் எண்ணெயை வீட்டிலேயே மாற்றுவது எப்படி

2011 முதல் 2013 வரை, பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் கார்களுக்கு மலேசியாவில் வரிவிலக்கு இருந்தது. அப்போது வந்த பிரியஸ் கார்கள் கைமாறி, இன்று தாப்பா, பீடோர், சுங்கை சிப்புட் பக்கத் தோட்டச் சாலைகளில் ஓடுகின்றன. பல கார்களில் கியர் எண்ணெய் இன்னும் தொழிற்சாலையில் ஊற்றியதுதான். “சீல் பண்ணது, மாத்தவே வேணாம்” என்று சொல்லும் போர்மேன்களை நம்பிவிடாதீர்கள்.

இந்தக் கியர்பெட்டியில் கிளட்ச் தட்டு கிடையாது, பெல்ட் கிடையாது. நடுச்சக்கரத்தைச் சுற்றிச் சிறு சக்கரங்கள் உருளும் கோள்பல்சக்கரங்களும் இரண்டு மின்மோட்டார்களும்தான். பற்களுக்கு உராய்வு குறைக்கும் அதே எண்ணெய்தான் மோட்டாரின் செம்புச் சுருள்களையும் குளிர்விக்கிறது. கேமரன் மலை ஏறும்போது மோட்டார் சூடாகும். இறங்கும்போதும் ஓய்வில்லை: பேட்டரி நிறைந்த பிறகு கியரை ‘B’யில் (இறக்கத்தில் வேகம் தணிக்கும் நிலை) போட்டால், மோட்டார் இன்ஜினைச் சுழற்றித்தான் வேகத்தைத் தணிக்கிறது. மலைப்பாதை, செம்பனை லோரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போவது என்று ஓடும் காருக்கு 80,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. முதல் மாற்றம்தான் மிக முக்கியம். புதுப் பற்கள் தேய்ந்து பழகிய இரும்புத்தூள் அதில்தான் வெளியேறும்.

இங்கே சொல்லும் அளவுகள் அந்த ஆண்டுகளில் வந்த மூன்றாம் தலைமுறை பிரியஸுக்கு மட்டும். ஹோண்டா ஜாஸ், சிட்டி ஹைபிரிட்டின் கியர்பெட்டி வேறு, எண்ணெயும் வேறு.

வேண்டிய எண்ணெய் டொயோட்டா ஏ.டி.எஃப். டபிள்யூ.எஸ். (டப்பாவில் ATF WS என்றிருக்கும்). கொள்ளளவு 3.4 லிட்டர், ஆகவே 4 லிட்டர் வாங்குங்கள். “எல்லாக் காருக்கும் ஒத்துவரும்” என்று கடையில் நீட்டும் டப்பாவை வாங்காதீர்கள். இந்த எண்ணெய் மின்சாரச் சுருள்களைத் தொட்டுக்கொண்டே இருப்பது. விலை மிச்சம் பிடிக்கும் இடம் இதுவல்ல. எண்ணெய் ஊற்றும் மேல்பிளக், வடிக்கும் கீழ்ப்பிளக் இரண்டுக்கும் புது வாஷர், 24 மி.மீ. சாக்கெட், இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச், ஒரு புனல், இன்ஜின் அறையிலிருந்து கீழே எட்டும் அளவுக்கு நீளமான தெளிந்த ரப்பர் குழாய், அளவுக்கோடு போட்ட வாளி ஆகியவற்றை முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

காரைப் பத்து நிமிடம் ஓட்டி, அரைமணி நேரம் ஆறவிடுங்கள். வெதுவெதுப்பான எண்ணெய் முழுதாக வடியும். காரை ‘P’ (பார்க்கிங்) பொத்தானில் நிறுத்தி, காலால் மிதிக்கும் பார்க்கிங் பிரேக்கைப் போட்டு, முழுவதும் அணைத்துவிட்டுச் சாவியை வீட்டுக்குள் கொண்டுபோய் வையுங்கள். ‘ரெடி’ விளக்கு எரிந்தால் இன்ஜின் எந்த நேரத்திலும் தானாகவே கிளம்பும். அப்போது காருக்கடியில் ஆள் இருக்கக்கூடாது. ஆரஞ்சு நிறக் கம்பிகளைத் தொடவே வேண்டாம், இந்த வேலைக்கு அவை தேவையும் இல்லை.

காரைத் தூக்குவதில்தான் பலர் தவறுகிறார்கள். மழையில் ஊறிய செம்மண் தரையில் காரைத் தாங்கும் ஸ்டாண்ட் புதையும், எனவே சிமெண்டுத் தரை வேண்டும். செங்கல், சிமெண்டுக் கல் அடுக்கி அதன்மேல் காரை நிறுத்தாதீர்கள், அவை முன்னறிவிப்பு இல்லாமல் பிளக்கும். நான்கு ஸ்டாண்டிலும் கார் மட்டமாக நிற்க வேண்டும். ஊற்றும் துளை கியர்பெட்டியின் முன்பக்கம் இருப்பதால், முன்பக்கத்தை மட்டும் தூக்கினால் எண்ணெய் பின்னே சாய்ந்து, துளை வழிவதற்குள் அளவுக்கு மேல் போய்விடும். அதிகமானால் பற்கள் அதைக் கடைந்து நுரையாக்கும், சூடேறும், காற்றுத்துளை வழியாகக் கசியும். குறைந்தாலோ மோட்டார் குளிராது.

அடித்தட்டைக் கழற்றியதும் முதலில் ஊற்றும் பிளக்கைத் திறங்கள். அது இறுகிப்போய்த் திறக்கவில்லை என்றால் வேலையை அங்கேயே நிறுத்திவிடலாம். வடித்த பிறகு அது தெரியவந்தால் கார் நகராது. பிறகுதான் கீழ்ப்பிளக். பக்கத்திலேயே இன்ஜின் எண்ணெய்ப் பிளக்கும் கூலண்ட் பிளக்கும் இருக்கின்றன, கவனம். இளஞ்சிவப்பாகத் தண்ணீர்போல் வந்தால் அது இன்வெர்ட்டர் கூலண்ட், அதாவது மோட்டாருக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் இன்வெர்ட்டரைக் குளிர்விக்கும் நீர். உடனே மூடுங்கள், இழந்ததை நிரப்பிக் காற்றையும் வெளியேற்றாமல் காரை ஓட்டாதீர்கள்.

வடிந்ததைப் பாருங்கள். கறுத்த சிவப்பு இயல்பே. பால் கலந்ததுபோல் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. வெள்ளத்தில் ஓட்டிய கார்களில் இது நேரும். விரலில் உரசி உணரும் அளவுக்கு இரும்புத்துண்டு இருந்தால் புது எண்ணெய் அதைச் சரிசெய்யாது, பட்டறைக்குத்தான் போக வேண்டும். வந்த அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று லிட்டருக்கும் குறைவென்றால் அச்சு சீல்களில் கசிவு இருக்கிறதா என்று தேடுங்கள்.

சொட்டு நின்றதும் புது வாஷருடன் கீழ்ப்பிளக்கை 39 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள். உறை அலுமினியம், கைப்பலத்தைக் காட்டினால் மரை போய்விடும். குழாயை மேலிருந்து விட்டு மெதுவாக ஊற்றுங்கள். துளையின் கீழ் விளிம்பில் வழியத் தொடங்கியதும் நிறுத்தி, சொட்டு அடங்கும்வரை பொறுங்கள். விளிம்புக்குக் கீழே 10 மி.மீ.க்குள் மட்டம் இருந்தால் சரி. மேல்பிளக்கையும் அதே அளவுக்கு இறுக்கிவிட்டு, சுற்றிலும் துடையுங்கள். துடைக்காவிட்டால் நாளை கசிவையும் வேலையில் சிந்தியதையும் பிரித்தறிய முடியாது.

அடித்தட்டை மாட்டாமல் ஒரு சுற்று ஓட்டிவந்து, இரண்டு பிளக்கும் காய்ந்திருக்கின்றனவா பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

பழைய எண்ணெயை வீட்டோரக் கால்வாயில் ஊற்றாதீர்கள். தோட்டத்துக் கால்வாய் நேராக ஆற்றுக்குத்தான் போகிறது. மலேசியச் சட்டப்படி கழிவு எண்ணெய் எஸ்.டபிள்யூ. 305 என்ற அட்டவணைக் கழிவு. அதே டப்பாவில் அடைத்து, கழிவு எண்ணெய்ப் பீப்பாய் வைத்திருக்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.