கொடுத்த பள்ளியை வேண்டாம் என்று எழுதிவிடாதீர்கள்: இங்கிலாந்துக்குப் பிள்ளைகளோடு வருபவர்களுக்கு

ஊரில் எல்.கே.ஜி. சேர்க்கைக்குப் பட்ட பாட்டை விமானம் ஏறும்போதே மறந்துவிடுங்கள். இங்கே அரசுப் பள்ளியில் கட்டணம் கிடையாது, டொனேஷன் கிடையாது, டி.சி. யாரும் கேட்பதில்லை. உள்ளூர் கவுன்சிலரைப் போய்ப் பார்த்தால் மரியாதையாகப் பேசுவார், ஆனால் அவர் கடிதத்துக்கு ஓர் இடம்கூட நகராது. பள்ளிச் சேர்க்கையை ஒருங்கிணைப்பது கவுன்சிலின், அதாவது உள்ளாட்சி மன்றத்தின், சேர்க்கைப் பிரிவு. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து நடைமுறைகள் வேறு. நான் சொல்வது இங்கிலாந்துக்கு மட்டும்.

வகுப்பைத் தீர்மானிப்பது பிறந்த தேதி. செப்டம்பர் 1 முதல் அடுத்த ஆகஸ்ட் 31 வரை பிறந்தவர்கள் ஒரே வகுப்பு. "ஊரில் ஒன்றாம் வகுப்பை முடித்துவிட்டாள், இரண்டாம் வகுப்பில் போடுங்கள்" என்ற வாதம் எடுபடாது. செப்டம்பரில் ரிசப்ஷன் (இயர் ஒன்னுக்கு முந்தைய, பள்ளியின் தொடக்க வகுப்பு) சேர வேண்டிய பிள்ளைக்கு ஜனவரி 15-க்குள் விண்ணப்பிக்க வேண்டும், முடிவு ஏப்ரல் 16-இல் வரும். உயர்நிலைப் பள்ளி தொடங்கும் இயர் செவனுக்கு அக்டோபர் 31, முடிவு மார்ச் 1. லண்டனில் ஆறு பள்ளிகள் வரை எழுதலாம், மற்ற இடங்களில் குறைந்தது மூன்று. இருக்கும் கட்டங்களை எல்லாம் நிரப்புங்கள். ஒரே பள்ளியை எழுதிவைத்தால் பிடிவாதத்தைப் பார்த்து இரங்குவார்கள் என்று நினைப்பவர்களுக்கு, யாரும் கேட்காத ஏதோ ஒரு மூலைப் பள்ளிதான் கிடைக்கிறது.

நம்மில் பெரும்பாலானோர் கல்வியாண்டின் நடுவில்தான் வந்து இறங்குகிறோம். அதற்கு இன்-இயர் விண்ணப்பம் என்று தனியாக உண்டு. சில கவுன்சில்களில் எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே படிவம், சில இடங்களில் பள்ளிக்கே நேராக எழுத வேண்டும். பிறப்புச் சான்றிதழ், வாடகை ஒப்பந்தம், கவுன்சில் டாக்ஸ் ரசீது ஆகியவற்றைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். பதினைந்து பள்ளி நாட்களுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். இதுவரை சிக்கல் இல்லை. பதில் வந்த பிறகுதான் நம் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

திருச்சிக்காரர் ஒருவர், என் நண்பர், ஒரு நவம்பரில் வந்தார். மகளுக்கு ஆறு வயது, இயர் ஒன். எல்லோரும் புகழும் பள்ளிக்கு அடுத்த தெருவில், அதற்காகவே கூடுதல் வாடகை கொடுத்து வீடு பிடித்தார். காலையில் மணி அடிப்பது படுக்கையறை வரை கேட்கும். ஆனால் அந்த வகுப்பில் இடம் இல்லை. ரிசப்ஷன், இயர் ஒன், இயர் டூ ஆகிய மூன்று வகுப்புகளிலும் ஓர் ஆசிரியருக்கு 30 பிள்ளைகள் என்பது சட்டம். மிகச் சில விலக்குகளைத் தவிர, தலைமை ஆசிரியரே விரும்பினாலும் முப்பத்தோராவது நாற்காலியைப் போட முடியாது.

கவுன்சில் ஒன்றரை மைல் தள்ளி வேறொரு பள்ளியில் இடம் தந்தது. நண்பர் அந்தப் பள்ளியின் பழைய ஆஃப்ஸ்டெட் (பள்ளி ஆய்வுத் துறை) அறிக்கையை இணையத்தில் தோண்டியெடுத்து, அதிலிருந்த ஒற்றைச் சொல் மதிப்பீட்டைப் பார்த்து முகம் சுளித்தார். அந்த ஒற்றைச் சொல் முறையையே அரசுப் பள்ளிகளுக்கு 2024 செப்டம்பரில் கைவிட்டுவிட்டார்கள் என்பது வேறு கதை. பள்ளியைப் போய்ப் பார்க்கக்கூட இல்லை. "வேண்டாம் என்று எழுதுங்கள், அப்போதுதான் காத்திருப்புப் பட்டியலில் மேலே கொண்டுவருவார்கள்" என்று வாட்ஸ்அப் குழுவில் ஒரு மேதாவி சொல்லியிருந்தார். எழுதிவிட்டார்.

கவுன்சிலைப் பொறுத்தவரை இடம் கொடுத்தாகிவிட்டது. வேண்டாம் என்றால், பிள்ளையின் படிப்புக்கு வழி செய்ய வேண்டியது பெற்றோர்தான். காத்திருப்புப் பட்டியலோ ரேஷன் கடை வரிசை அல்ல. யார் முதலில் பெயர் கொடுத்தார் என்பதற்கு அங்கே மதிப்பே இல்லை. தேதியைப் பார்த்து முன்னுரிமை தருவதைச் சேர்க்கை விதிகளே தடுக்கின்றன. கவுன்சில் பராமரிப்பில் இருக்கும் பிள்ளைகள் முதலில், பிறகு பெரும்பாலான பள்ளிகளில் அங்கே ஏற்கெனவே படிப்பவரின் தம்பி தங்கைகள், அதன் பிறகுதான் தூரம். புதிதாக ஒரு பெயர் வரும் ஒவ்வொரு முறையும் பட்டியலை மறுபடி அடுக்குவார்கள். மூன்றாவது இடத்தில் இருந்த மகள் பொங்கலுக்குள் ஐந்தாவது இடத்துக்கு இறங்கிவிட்டாள்.

இதற்குள் பிள்ளை ஏன் எந்தப் பள்ளியிலும் இல்லை என்று விசாரித்துக் கடிதம் வந்தது. ஐந்து வயது முடிந்து பள்ளியின் அடுத்த பருவம் (டெர்ம்) தொடங்கிவிட்டால் முழுநேரக் கல்வி கட்டாயம். "நாங்கள் என்ன, பிள்ளையை வேலைக்கா அனுப்பினோம்?" என்று நண்பரின் மனைவி அழுதார். பயந்துபோய்ப் பழைய இடத்தைக் கேட்டபோது அதுவும் போயிருந்தது. கடைசியில் கிடைத்த பள்ளிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும்.

ஆகவே, கொடுத்த இடத்தை வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கிக்கொண்டால் விரும்பிய பள்ளியின் பட்டியலில் உங்கள் இடம் பின்னுக்குப் போகாது, அப்பீல் செய்யும் உரிமையும் போகாது. இந்த ஒரு வரியை அந்தக் குழுவில் யாராவது சொல்லியிருந்தால் ஒரு குழந்தை குளிர்காலம் முழுவதும் வீட்டில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்திருக்காது. பட்டியலில் பெயர் இருக்கிறதா, பருவத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டுமா என்று மின்னஞ்சலில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அப்பீலுக்கு மறுப்புக் கடிதத்திலிருந்து குறைந்தது இருபது பள்ளி நாட்கள் தருவார்கள். முப்பது பேர் வரம்புள்ள வகுப்புகளில் அப்பீல் வெல்வது மிக அரிது. இயர் த்ரீ முதல் முயன்று பார்க்கலாம்.

சின்னப் பிள்ளை உள்ளவர்களுக்கு: மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் எல்லோருக்கும் ஆண்டுக்கு 38 வாரம், வாரம் 15 மணி நேரம் இலவச நர்சரி உண்டு. மூன்றாவது பிறந்தநாளுக்கு அடுத்த பருவத்தில் தொடங்கும். விசாவைப் பார்த்து இதை மறுக்க முடியாது, தயங்காமல் கேளுங்கள். விளம்பரங்களில் வரும் 30 மணி நேரம் வேறு. அது வேலைக்குப் போகும் பெற்றோருக்கு, 2025 செப்டம்பர் முதல் ஒன்பது மாதக் குழந்தையிலிருந்து. ஆனால் அரசு நிதி பெற உரிமை இல்லை என்ற நிபந்தனை பெற்றோர் இருவர் விசாவிலும் இருந்தால் கிடைக்காது. வரியும் கட்டி, விசாவோடு மருத்துவக் கட்டணமும் கட்டுகிறோமே என்று எரிச்சல் வரும், எனக்கும் வந்தது. அதற்காக நம்பி விண்ணப்பித்துவிடாதீர்கள். பிள்ளைகளுக்காக அரசு தரும் உதவித்தொகையான சைல்ட் பெனிஃபிட்டும் அப்படியே.

இன்னொன்று. ஊரில் அவசரம் என்றால் பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போய்விடுவோம், அவர்களும் தன் பிள்ளைபோல் பார்த்துக்கொள்வார்கள். இங்கே பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளை 28 நாட்களோ அதற்கு மேலோ நண்பர் வீட்டில் தங்குவதாக இருந்தால் கவுன்சிலின் குழந்தைகள் நலப் பிரிவுக்குத் தெரிவிப்பது சட்டப்படி கட்டாயம். தாத்தா பாட்டி, கூடப் பிறந்தவர்கள், பெற்றோரின் சொந்த அண்ணன் தம்பி அக்கா தங்கைகள் என்றால் தேவையில்லை; ஒன்றுவிட்ட சித்தப்பா அந்தக் கணக்கில் வர மாட்டார். பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போக மாட்டார்கள். ஓர் அலுவலர் வந்து வீட்டையும் பிள்ளையையும் பார்த்துப் பேசிவிட்டுப் போவார். முன்பே தெரிந்த பயணம் என்றால் ஆறு வாரத்துக்கு முன்னால் சொல்ல வேண்டும், திடீர்ப் பயணம் என்றால் உடனே.