முதிய நாயின் ஓயாத பேதி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகச் சேரும் இளம் கால்நடை மருத்துவர்கள், நான் அந்த வயதில் செய்த அதே பிழைகளைச் செய்வதைப் பார்க்கிறேன். பூச்சி மருந்தை மறப்பது, மலப் பரிசோதனையை விடுவது எல்லாம் அனுபவத்தில் தானாகத் திருந்திவிடும். அவற்றை விடுவோம்.

காரணம் தெரியும் முன்பே ஸ்டீராய்டு

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. 3 வாரத்துக்கு மேல் பேதி, எடை இறங்குகிறது, வளர்ப்பவர் தவித்துப்போய் நிற்கிறார். பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டை எழுதினால் நாலே நாளில் நாய் தட்டைக் காலி செய்யும். 11 வயது லாப்ரடார் ஒன்றுக்கு நானும் அப்படித்தான் எழுதினேன். 6 வாரம் நன்றாக இருந்தது. அப்புறம் பேதி திரும்பியது. எண்டோஸ்கோப்பியில் குடல் திசு எடுத்து அனுப்பினேன். உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றே பதில் வந்தது. மறுமுறை எடுத்தபோதுதான் லிம்போமா, அதாவது நிணநீர்ச் செல்களின் புற்றுநோய், என்று தெரிந்தது. அதற்குள் நாய் எலும்பும் தோலுமாகிவிட்டது.

ஸ்டீராய்டு குடல் அழற்சியையும் அடக்கும், லிம்போமா செல்களையும் கொல்லும். எந்த நோயானாலும் நாய் தேறுவது போலவே தெரியும், பயாப்ஸி என்ற திசுப் பரிசோதனையின் முடிவும் குழம்பும். ஸ்டீராய்டு பழகிய லிம்போமா அப்புறம் கீமோவுக்கு எளிதில் மசியாது. அட்ரீனல் சுரப்பி போதிய ஹார்மோன் சுரக்காத அடிசன் நோயைத் தேடும் கார்டிசால் பரிசோதனையும் கெட்டுவிடும். மூட்டுவலிக்குக் கார்ப்ரோஃபென் என்ற வலி மாத்திரை சாப்பிடும் நாயென்றால், அதுவும் ஸ்டீராய்டும் சேர்ந்து இரைப்பையைப் புண்ணாக்கும், ஓட்டையே விழலாம். அந்த மாத்திரையை வளர்ப்பவர் தாமாகச் சொல்ல மாட்டார், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

காத்திருக்க முடியாத நாய்களும் உண்டு, சரி. அப்போதும் ரத்தப் பரிசோதனை, வயிற்று ஸ்கேன் முடித்து, இதனால் நோயைக் கண்டுபிடிப்பது கடினமாகலாம் என்று வளர்ப்பவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

அரைகுறை உணவுச் சோதனை

ஹைட்ரோலைஸ்டு உணவு, அதாவது புரதத்தைச் சிறு துண்டுகளாக உடைத்துத் தயாரித்த உணவு, 2 வாரம், வேறெதுவும் இல்லை. பிஸ்கட்டும் இல்லை, இறைச்சிச் சுவையூட்டிய மாத்திரையும் இல்லை. உணவால் தீரக்கூடிய பேதி பெரும்பாலும் அதற்குள் அடங்கத் தொடங்கும்.

ஆல்புமின் பார்க்காமல் இருப்பது

ரத்தத்தில் இருக்கும் இந்தப் புரதம் டெசிலிட்டருக்கு 2 கிராமுக்குக் கீழே போயிருந்தால் ரத்தக்கட்டி அபாயமும் சேர்ந்துகொள்கிறது. அந்த நாயின் விஷயத்தில் காத்திருக்காதீர்கள்.

வைட்டமின் பி12

அளந்து பாருங்கள். குறைந்தால் கொடுங்கள்.

விரல் பரிசோதனையைத் தவிர்ப்பது

முதிய நாய் முக்கி முக்கிப் போகிறது, சளியும் ரத்தமும் வருகிறது என்றதும் பெருங்குடல் அழற்சி என்று எழுதிவிடாதீர்கள். கையுறை போட்டு ஆசனவாய்க்குள் விரலால் தடவிப் பாருங்கள். மலக்குடல் கட்டி பல நேரம் விரலுக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கும்.